பந்தயம் ஓடுவோருக்கு ஆகாரக் குறைவால் நேரும் தீமைகள்

திருப்பூர் ஜில்லா தாராபுரம் தாலூகாவைச் சேர்ந்த குண்டடம் வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் கம்பும் சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் காடுகளும், மழை பொய்த்த ஆண்டுகளில் குடியானவனைக் காப்பாற்றும் ஆட்டுப் பட்டிகளும் காணப்படும். நிலத்தின் வருமானம் போதாத குடும்பங்களில் மூத்த பிள்ளைகள் நூல் மில்லுக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ வேலைக்குப் போகிறார்கள். இளைய பிள்ளைகளில் காலோட்டம் உள்ளவர்கள், ஓட்டப் பந்தயத்திலும் சடுகுடுவிலும் பெயர் எடுத்தால் காலேஜில் இடமும் போலீஸ் அல்லது ரயில்வே இலாகாவில் உத்தியோகமும் விளையாட்டு ஒதுக்கீட்டின் மூலம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு விடியுமுன் எழுந்து ஓடுகிறார்கள்.

இந்த முயற்சி மெச்சத்தக்கது. பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்தது, எத்தனை சுற்று ஓடியது, எத்தனை விநாடியில் ஓடியது என்பதைத் தகப்பனாரும் உபாத்தியாயரும் கவலையோடு கேட்கிறார்கள். அப்பிள்ளை ஓடுவதற்கு முன்னும் பின்னும் என்ன உண்டது என்று கேட்பவர் மிகச் சிலரே. வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தேநீருடன் ஓடினால் உடம்பு இலேசாக இருக்கும் என்றும், வயிறு நிறைய உண்பவன் ஓடமாட்டான் என்றும் ஓர் எண்ணம் கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. ஓடும் சமயத்தில் வயிறு கனக்கக் கூடாது என்பது வரையில் அது சரியே. நாள் முழுவதற்கும் சேர்த்து ஆகாரம் குறைந்தாலும் குற்றமில்லை என்று அதனை நீட்டும்போதுதான் பெருந்தீங்கு விளைகிறது. அத்தீங்கு உடனே வெளியில் தெரிவதில்லை. மாதக்கணக்கில் உள்ளேயே வளர்ந்து, எலும்பு முறிந்த பின்னரோ மாதவிடாய் நின்ற பின்னரோதான் புலப்படுகிறது.

உஷ்ண சக்தியின் வரவு செலவு

ஆகாரத்தினால் தேகத்திற்குக் கிடைக்கும் சக்தியைக் கலோரி என்னும் அளவால் கணக்கிடுகிறார்கள். நமது உணவுப் பண்டங்கள் ஒவ்வொன்றிலும் இச்சக்தி எவ்வளவு உண்டென்று ஆராய்ந்த வேலை நீலகிரிக் குன்னூரில் நடந்தது. அங்கிருந்த போஷணை ஆராய்ச்சிச் சாலையின் தலைவராயிருந்த அய்க்ராய்டு, 1937-ல் இந்திய உணவுகளின் சத்துக்களைத் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அவருக்கு முன் அச்சாலையை நடத்திய மக்காரிசன், பல மாகாணத்தார் உண்ணும் ஆகாரங்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், கோதுமையும் பாலும் நெய்யும் பருப்பும் காய்கறியும் உண்ணும் சீக்கியரின் ஆகாரம் பெற்ற எலிகள் கொழுத்து வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசி ஆகாரம் பெற்றவை மிகவும் பின்தங்கின. அச்சாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இப்பொழுது தேசிய போஷணை நிறுவனம் என வழங்குகிறது. அந்நிறுவனமும் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலும் 2020-ல் வெளியிட்ட அளவின்படி, 55 கிலோ எடையுள்ள ஸ்திரீ உட்கார்ந்த வேலை செய்தால் நாளொன்றுக்கு 1,660 கலோரியும், நடுத்தர உழைப்புக்கு 2,130-ம், கடின உழைப்புக்கு 2,720-ம் தேவை. 65 கிலோ எடையுள்ள ஆண்மகனுக்கு இவ்வளவுகள் முறையே 2,110, 2,710, 3,470 ஆகும். பந்தயத்திற்குப் பழகும் பிள்ளை கடின உழைப்பாளிகளின் வரிசையில் சேர்ந்தது என்பதை வீட்டார் முதலில் உணரவேண்டும்.

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். பிள்ளை உண்ணும் ஆகாரம் வரவு. ஓடுவதற்கான சக்தி முதற் செலவு. இச்செலவை ஒத்திப்போட முடியாது. கால் ஓடியே தீரும், சக்தி எரிந்தே தீரும். அது போக மீதமுள்ள தொகையைக் கொண்டுதான் இருதயம் துடிப்பது, மூளை வேலை செய்வது, இரத்தம் ஊறுவது, எலும்பு வளர்வது, மாதவிடாய் ஒழுங்காக வருவது, நோயை எதிர்ப்பது ஆகிய எல்லாம் நடந்தாக வேண்டும். ஆகையால் மொத்த வரவைக் காட்டிலும், ஓட்டச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு என்பதே முக்கியமான கேள்வி. அம்மிச்சத்தை உடலின் கொழுப்பு நீங்கிய எடையால் வகுத்துக் கிடைக்கும் அளவைக் கொண்டே இக்காலத்து நிபுணர்கள் மதிப்பிடுகிறார்கள். ஒரு கிலோவுக்கு 45 கலோரி அளவில் மிஞ்சினால் தேகம் செழிப்பாயிருக்கும். 30-க்குக் கீழே இறங்கினால் கோளாறுகள் தோன்றும் அபாயம் மிகுதி. இந்த 30 என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரியான எல்லைக்கோடு அன்று. சிலருக்கு அதற்கு மேலேயே தொல்லை தொடங்கும். வளரும் பிள்ளைகளுக்கு வளர்ச்சிக்கென்றும் சிறிது தனியே வேண்டும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். பத்தாம் வகுப்பில் படிக்கும் 50 கிலோ எடையுள்ள ஒரு பெண், காலையில் 6 கிலோமீட்டரும் மாலையில் 4 கிலோமீட்டரும் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1 கலோரி செலவாகும். ஆகவே ஓட்டத்திற்கு 500 கலோரி; மற்றத் தேகப்பயிற்சிக்கு 100; ஆக 600. அவள் காலையில் ஒரு தேநீர், பிறகு மூன்று இட்டிலி, மத்தியானம் பள்ளிக்கூடச் சாப்பாடு, மாலையில் மீண்டும் தேநீரும் இரண்டு பிஸ்கோத்தும், இரவில் ரசமும் சோறும் உண்டால் மொத்தம் 1,700 கலோரி தேறுவது அரிது. தேறியதாகவே கொண்டாலும், 600 போக மிச்சம் 1,100. கொழுப்பு நீங்கிய எடை 40 கிலோ ஆனால், கிலோ ஒன்றுக்கு 27½ கலோரிதான். அவளுக்கு 45 வீதம் கிடைக்க வேண்டுமானால் 1,800-ம் ஓட்டச் செலவு 600-ம் சேர்ந்து நாளொன்றுக்கு 2,400 கலோரி வேண்டும். துண்டு விழும் தொகை 700. பசியென்று அவள் சொல்லவும் மாட்டாள். ஏனெனில் கடினமாக ஓடியவுடன் பலருக்குப் பசி மந்தித்துப் போகிறது.

சரீரம் செலவைக் குறைக்கும் விதம்

இந்தத் துண்டை உடல் எவ்வாறு சரிக்கட்டுகிறது? சிறிது காலம் கொழுப்பைக் கரைத்துக் கொடுக்கும். அதன் பின், வரவு குறைந்த சங்கம் விளக்கை அணைத்து, சிப்பந்தியைக் குறைத்து, கட்டட மராமத்தை நிறுத்துவதுபோல, உடலும் உயிருக்கு உடனடியாக வேண்டாத காரியங்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. பிள்ளைப்பேறுக்கான ஏற்பாடுகள் முதலில் நிற்கின்றன. எலும்பைப் புதுப்பிக்கும் வேலை குறைகிறது. கழுத்திலுள்ள தைராய்டு கோளத்தின் சுரப்புத் தாழ்ந்து உடலின் சூடு குறைகிறது. இவ்வாறு சிக்கனம் செய்துகொண்ட உடல், குறைந்த ஆகாரத்திலேயே எடையைக் காப்பாற்றிக்கொள்ளும். இதனால்தான் ஆகாரக் குறைவால் வருந்தும் ஓட்டக்காரர் எல்லோரும் எலும்பும் தோலுமாக இருப்பதில்லை. தராசில் எடை குறையவில்லையே என்று திருப்தி அடைவது, பெட்டியில் ரொக்கம் இருப்பதைக் கண்டு சங்கம் லாபத்தில் நடப்பதாக நினைப்பதற்கு ஒப்பாகும். ரொக்கம் சேமநிதியிலிருந்து எடுக்கப்பட்டதாகவும் இருக்கலாமல்லவா?

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் லௌக்ஸ் என்னும் பெண் ஆராய்ச்சியாளர் ஒழுங்கான மாதவிடாய் உள்ள இளம் பெண்களுக்கு ஐந்து நாட்கள் மட்டும் மேற்கூறிய மிச்ச அளவைக் குறைத்துப் பார்த்தார். 2003-ல் வெளியான அம்முடிவின்படி, கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே இறங்கியவுடன், மூளையின் அடியிலிருந்து கருப்பைக்குத் தேவையான சுரப்பைத் தூண்டும் சமிக்ஞையின் தாளம் தவறியது. ஐந்தே நாளில் உடல் சிக்கனத்தைத் தொடங்கிவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஆண்மக்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில், 1944-45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்தினார். பட்டினியால் வாடிய ஐரோப்பிய ஜனங்களை எவ்வாறு தேற்றுவது என்று அறிவதே நோக்கம். இளைஞர்கள் தாமாகவே முன்வந்தவர்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான ஆகாரத்தில் ஏறக்குறையப் பாதியே, அதாவது சுமார் 1,600 கலோரியே கிடைத்தது; வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. நாடி மெதுவாயிற்று. வெயில் நாளிலும் குளிர்ந்தது. சிரிப்பும் சிநேகமும் குன்றி, நாள் முழுவதும் ஆகாரத்தைப் பற்றிய எண்ணமே மனத்தில் நின்றது. அவர்கள் உண்ட 1,600 கலோரி என்பது மேலே கூறிய உதாரணப் பெண்ணின் 1,700-க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அவர்கள் வளர்ந்த ஆண்மக்களாதலின் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. ஆனால் அவர்கள் நடந்தார்கள்; இவள் ஓடுகிறாள்.

பெண்பிள்ளைகளுக்கு நேரும் விசேஷக் கேடு

ஓடும் பெண்களிடம் ஆகாரக் குறைவு, மாதவிடாய் நிற்றல், எலும்பு நொய்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை அமெரிக்க வைத்தியர்கள் 1992-ல் ஒரே கோளாறாகக் கண்டு பெயரிட்டார்கள். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதனை விரிவாக்கி, இது பெண்களுக்கு மட்டும் உரியதன்று என்றும், இருதயம், இரத்தம், குடல், நோயெதிர்ப்பு, வளர்ச்சி, மனநிலை ஆகிய எல்லாவற்றையும் பற்றும் என்றும் அறிவித்தது. 2023-ல் அக்கமிட்டி இவ்விஷயத்தை மீண்டும் ஆராய்ந்து, வைத்தியர்கள் அபாயத்தைத் தரம் பிரித்துப் பார்ப்பதற்கான முறையொன்றை வகுத்தது.

நமது கிராமங்களில் இக்கேடு மறைந்து கிடப்பதற்கு ஒரு காரணம் கூச்சம். மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை என்று மகள் தாயிடம் சொல்லத் தயங்குகிறாள். சொன்னாலும், கடினமாக ஓடுபவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், தொந்தரவு விட்டது என்று இருவரும் சமாதானம் அடைகிறார்கள். பயிற்சி கொடுப்பவர் ஆண்பிள்ளையானால் இப்பேச்சு அவர் காதுக்கு எட்டுவதேயில்லை. மாதவிடாய் நிற்பது பயிற்சியின் வெற்றிக்கு அடையாளம் அன்று. எலும்பைக் காக்கும் சுரப்பு உடலில் வற்றிவிட்டது என்பதற்கு அது எச்சரிக்கை. மனிதனின் எலும்பில் பெரும்பகுதி பதினெட்டு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. சேரவேண்டிய காலத்தில் சேராதது பிற்காலத்தில் முழுவதும் ஈடாவதில்லை. பதினாறு வயதில் ஓடுவதற்காக எலும்பிலிருந்து கடன் வாங்கிய பெண், அக்கடனை அறுபது வயதில் இடுப்பு முறிந்து தீர்க்கவும் கூடும்.

அவ்வளவு காலம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலும் பாதத்து எலும்புகளிலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் உண்டாகின்றன. ஓடும்போது ஓரிடத்தில் மட்டும் வலிக்கும், நின்றால் தணியும், பிறகு நிற்கும்போதும் வலிக்கும். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவுவதும், கட்டுப்போட்டுக்கொண்டு மறுவாரமே ஓடுவதும் வழக்கமாயிருக்கிறது. இவ்வெடிப்பு தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்தில் தெரியாமற்போவதும் உண்டு. படத்தில் ஒன்றுமில்லை என்பதை ஓடுவதற்கு அனுமதிச் சீட்டாகக் கொள்ளலாகாது.

இரத்தச் சோகை இதனோடு சேர்ந்தால் தீமை இரட்டிக்கிறது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தச் சோகை காணப்பட்டது. பிராணவாயுவைச் சுமக்கும் இரத்தமே குறைந்திருக்க, இன்னும் இரண்டு சுற்று அதிகம் ஓடு என்பதில் என்ன பிரயோஜனம்?

லாஸ் ஏஞ்சலஸில் கடைசி 35 மீட்டர்

ஆகாரம் பந்தயத்தில் எவ்வாறு தலையிடும் என்பதற்கு நம் தேசத்திலேயே பிரசித்தமான உதாரணம் உண்டு. கேரளத்துப் பய்யோளியைச் சேர்ந்த பி. டி. உஷா, 1984-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் பந்தயத்தில் ஓடினார். மொராக்கோ தேசத்து நவல் எல் முத்தவக்கில் 54.61 விநாடியில் முதலாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணின் காலம் 55.41 விநாடி, உஷாவின் காலம் 55.42. விநாடியில் நூறில் ஒரு பங்கால் வெண்கலப் பதக்கம் கை நழுவிற்று.

பல வருஷங்கள் கழித்து, 2018-ல் ஒரு பத்திரிகைக்கு அளித்த பேட்டியில் உஷா அந்நாட்களின் ஆகாரத்தைப் பற்றிக் கூறினார். ஒலிம்பிக் கிராமத்தில் கிடைத்த அயல்நாட்டு உணவு அவருக்கு ஒவ்வவில்லை. அமெரிக்க உணவே கிடைக்கும் என்று முன்கூட்டி எவரும் தெரிவிக்கவில்லை. ஆகவே அரிசிக் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயுமாகக் காலம் கழிக்க நேர்ந்தது. போஷணை இல்லாத அவ்வாகாரத்தால் கடைசி 35 மீட்டரில் சக்தியை நிலைநிறுத்த முடியவில்லை என்பது அவருடைய அபிப்பிராயம்.

நூறில் ஒரு பங்கு விநாடியைக் கஞ்சியின் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. அப்பந்தயத்தில் வேறொருவர் முந்திப் புறப்பட்டதால் ஓட்டம் மறுபடி தொடங்க நேர்ந்ததும், கோட்டருகே மார்பை முன் நீட்டும் நேரமும் கணக்கில் வரவேண்டியவை. சில நாள் ஆகாரக் குறைவு வேறு, வருஷக்கணக்கான குறைவு வேறு என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். எனினும் அவர் சுட்டிய இடம் தேக சாஸ்திரத்தோடு பொருந்துகிறது. மாவுச்சத்து தசையில் ஒருவகைச் சர்க்கரையாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு நிமிஷத்திற்குள் முடியும் கடும் ஓட்டத்திற்கு அதுவே முக்கிய விறகு. கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர். வயிறு நிறைந்தது போலிருந்தாலும் சேமிப்பு நிறைவதில்லை. தொடக்கத்தில் அவ்வளவாகத் தெரியாத இக்குறை, கால் கனத்துப்போகும் கடைசிப் பகுதியில் தெரிகிறது. ஒலிம்பிக்கின் இறுதிப் பந்தயம் வரை சென்றவருக்கே வேண்டிய ஆகாரத்தைப் பற்றி யாரும் முன்னதாக யோசிக்கவில்லை என்பது இன்றும் சிந்திக்கத்தக்கது.

எடைக்காக உண்ணாதிருத்தல்

ஆண்பிள்ளைகளிடம் ஆகாரக் குறைவு வேறொரு வழியாக வருகிறது. குண்டடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நோம்பி நாட்களில் சடுகுடுப் போட்டிகள் நடக்கின்றன. இக்காலத்தில் கபடி என்றே பெயர். அவற்றில் சில, இத்தனை கிலோவுக்கு உட்பட்டவர்கள் என்று எடை வரம்பு வைத்து நடத்தப்படுகின்றன. இரண்டு கிலோ மிகுந்த இளைஞன், போட்டிக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றை விட்டு, தண்ணீரைக் குறைத்து, கனத்த சட்டைமேல் சட்டை போட்டு வெயிலில் ஓடி, எச்சில் துப்பி, எப்படியோ வரம்புக்குள் வந்து சேருகிறான். வந்து சேர்ந்தவுடன் ஆடுகளத்தில் இறங்குகிறான். தசையின் சேமிப்பு தீர்ந்து, இரத்தத்தில் நீர் குன்றி, தலை சுற்றும் நிலையில் எதிர் அணியினர் ஏழு பேரின் நடுவே புகுவது எவ்வளவு ஆபத்தென்று சொல்ல வேண்டியதில்லை.

2024-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் தங்கப் பதக்கத்திற்கான பந்தயத்தன்று காலை 50 கிலோ வரம்புக்கு மேல் 100 கிராம் இருந்ததால் விலக்கப்பட்டார். முந்திய நாள் மூன்று குஸ்திகளில் வென்றவர். அதற்கு முன் 53 கிலோப் பிரிவில் போட்டியிட்டவர். இரவு முழுவதும் உண்ணாமல், பருகாமல், வியர்வை சிந்தி, தலைமயிரைக் கூடக் கத்தரித்துப் பார்த்தும் அந்த 100 கிராம் குறையவில்லை. உடலில் நீர் வற்றி வைத்திய சிகிச்சை பெறும்படி ஆயிற்று. வைத்தியர்களும் நிபுணர்களும் உடனிருந்தும் இக்கதி. ஊர்ப் போட்டியில் இளைஞனுக்கு அருகில் இருப்பவர்கள் தராசுக்காரரும் சிநேகிதர்களுமே. 1997-ன் கடைசியில் அமெரிக்கக் காலேஜ்களில் மூன்று மல்யுத்த மாணவர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். அதன் பிறகே அங்கு, ரப்பர் உடையும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டு, எடை போடும் முறையும் மாற்றப்பட்டது.

நோம்பிப் போட்டி நடத்துவோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. போட்டி நடக்கும் நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாகவே ஆட்டக்காரரை நிறுத்தி, சாப்பிட்ட உடலோடு எடை எழுதிக்கொண்டு, அதன்படி பிரிவைத் தீர்மானித்துவிட்டால், கடைசி நாள் பட்டினிக்குக் காரணமே இராது. இதற்குப் பணச் செலவு ஒன்றுமில்லை.

துண்டு விழும் 700 கலோரி எங்கிருந்து வரும்?

பாதாமும் டப்பா மாவும் வாங்கிக் கொடுக்க முடியாதே என்று பெற்றோர் சொல்வதுண்டு. அவை வேண்டியதில்லை. ஐம்பது கிராம் நிலக்கடலையில் சுமார் 280 கலோரி இருக்கிறது. இருநூறு மில்லி பசும்பாலில் சுமார் 130; இரண்டு தம்ளர் கொடுத்தால் 260. ஒரு வாழைப்பழம் 90. ஓர் அச்சு வெல்லத்தில் சுமார் இருபது கிராம் என்று கொண்டால் 70 முதல் 75 வரை. ஆக ஏறக்குறைய 700. இவையெல்லாம் குண்டடத்துக் கடைவீதியிலும் காட்டிலும் தொழுவத்திலும் உள்ளவையே.

கம்மங்கூழைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பு சிறந்த தானியம். இரும்புச் சத்தும் உண்டு. ஆனால் செம்பு நிறையக் கரைத்த கூழில் மாவு ஒரு பிடிதான். காட்டு வேலைக்குப் போகும் பெரியவர்கள் அதனை நாலு வேளை குடிப்பார்கள். ஓடும் பிள்ளைக்கு அதே தானியத்தைக் களியாகவோ அடையாகவோ சமைத்து, எண்ணெயும் பருப்பும் சேர்த்துக் கொடுத்தால் சிறிய வயிற்றிலும் மிகுந்த சக்தி அடங்கும். சோற்றின்மேல் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினால் நூறு கலோரி கூடுகிறது. கீரையும் காய்கறியும் அவசியமே. எனினும் கலோரிக் குறைவை அவற்றால் நிரப்ப இயலாது.

பால் விஷயத்தில் ஒரு வருந்தத்தக்க வழக்கத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கிராமத்திற்குச் செய்த உபகாரம் பெரிது. வாரந்தவறாத பால் பணத்தைக் கொண்டே எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. ஆனால் கறந்ததனைத்தையும் சங்கத்தில் ஊற்றிவிட்டு, கறவை மாடு கட்டியுள்ள வீட்டிலேயே பிள்ளைக்குக் கடுந்தேநீர் கொடுப்பதும் கண்கூடு. ஊற்றுவதற்கு முன் அரை லிட்டரை எடுத்து வைப்பதால் சங்கம் நொடித்துப் போகாது.

பள்ளிக்கூட ஆகாரத்தைக் கொண்டு எவ்வளவு சமாளிக்கலாம் என்பதையும் பார்க்கவேண்டும். 1956-ல் காமராஜர் காலத்தில் தொடங்கி 1982-ல் எம். ஜி. ஆர். காலத்தில் விரிவான மதிய உணவு, இன்று பத்தாம் வகுப்பு வரை முட்டையுடன் கிடைக்கிறது. 2022-ல் தொடங்கிய காலைச் சிற்றுண்டி ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே. ஆகவே ஜில்லா அளவிலும் மாநில அளவிலும் பந்தயங்களுக்குப் பழகும் மேல்வகுப்புப் பிள்ளைகள் காலையில் வீட்டையே நம்பவேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பினர் மத்தியானத்திற்கும் வீட்டையே நம்பவேண்டும். மிகக் கடினமாக ஓடும் வயதில்தான் இந்த உதவிகள் நின்றுபோகின்றன. அவ்வயதுப் பிள்ளைகள் ஓடும் ஊர்களில் பெற்றோர் சங்கத்தாரோ பழைய மாணவரோ முன்வந்து, ஓட்டம் முடிந்த இடத்திலேயே ஆளுக்கொரு தம்ளர் பாலும், அவித்த கடலையும் வெல்லமும் கொடுக்க ஏற்பாடு செய்வது, ஆண்டுக்கொரு முறை வாங்கிக் கொடுக்கும் வர்ணச் சட்டைகளைவிட அதிகப் பயன் தரும்.

கொடுக்கும் வேளையும் முக்கியம். விடியற்காலையில் ஓடுமுன் ஒரு வாழைப்பழமோ சிறிது வெல்லமோ போதும். ஓடி முடித்த அரைமணிக்குள் பாலும் கடலையும். பிறகு காலை ஆகாரம். காலையில் பட்டினி கிடந்து இரவில் மொத்தமாக உண்பதால் கணக்கு நேராகிறதென்று நினைக்கக் கூடாது. நாளின் பெரும்பகுதி துண்டிலேயே கழிந்தால் உடல் சிக்கனத்தைத் தொடங்கிவிடும்.

கவனிக்கவேண்டிய குறிகள்

உபாத்தியாயரும் தாய்மாரும் கீழ்க்காணும் மாறுதல்களைக் கவனிக்கலாம். பயிற்சி கூடியும் காலம் குறையாமல், முன்பு ஓடியதைவிட மெதுவாகவே ஓடுவது. அடிக்கடி சளியும் காய்ச்சலும் வருவது. எரிச்சலும் அழுகையும், படிப்பில் மனம் ஊன்றாமையும். மற்றவருக்குக் குளிராதபோது குளிர்வது. ஒரே இடத்தில் எலும்பு வலி. பதினைந்து வயது முடிந்தும் பூப்பெய்தாமை, அல்லது மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வாராமை. ஆண்பிள்ளைகளிடம் மாதவிடாயைப் போன்ற வெளிப்படையான குறி இல்லாததால் அவர்கள் கேடு இன்னும் தாமதமாகவே தெரியவரும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணமும் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்தால் ஓட்டத்தைக் குறைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துப் போகவேண்டும். சோம்பல் என்று கடிந்து மேலும் இரண்டு சுற்று ஓடச் சொல்வது தீக்கு நெய் வார்ப்பதாகும். பெண்பிள்ளைகளிடம் மாதவிடாயைப் பற்றி விசாரிக்கும் பொறுப்பை ஓர் ஆசிரியையிடமோ கிராமச் செவிலியிடமோ ஒப்படைத்துவிட்டால் கூச்சம் குறையும்.

நின்ற மாதவிடாயை வரவழைக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது சிலரிடம் காணப்படும் வழக்கம். மாத்திரையால் உதிரம் வரக்கூடும். ஆனால் ஆகாரக் குறைவு அப்படியே இருக்கும், எலும்பும் தேறாது. மருந்து ஆகாரமே. சாப்பாட்டைக் கூட்டி ஓட்டத்தைக் குறைத்தால் சில நாட்களிலோ வாரங்களிலோ சோர்வு நீங்கத் தொடங்கும். மாதவிடாய் திரும்பப் பல மாதங்களும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். எலும்பு தேற வருஷங்கள் வேண்டும். அந்த இடைக்காலத்தில் ஜில்லாப் போட்டி ஒன்று தவறிப் போகலாம். ஓடும் பெண்ணுக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றும். ஆதலால் இன்ன போட்டிக்கு இவ்வருஷம் அனுப்புவதில்லை, அடுத்த வருஷம் அனுப்புவோம் என்று பயிற்சியாளர் அவளுக்கும் பெற்றோருக்கும் முன்னதாகவே தேதியோடு சொல்லிவிடுவது நல்லது.